படிவத்தில் தொலைந்த ஒரு நாள்

மகளைப் பள்ளியில் சேர்க்க ஒரு தாய் கைபேசியில் விண்ணப்பப் படிவம் நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த தேதி என்ற கட்டத்தைத் தொட்டதும் நாட்காட்டி விரிகிறது. 2015 ஜூன் 10-ஐத் தேர்ந்தெடுக்கிறார். திரையிலும் 10/06/2015 என்றே தெரிகிறது. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துகிறார். வந்து விழும் ரசீதில் 09/06/2015 என்று இருக்கிறது. விரல் தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து நிரப்புகிறார். மறுபடியும் ஒன்பதுதான் வருகிறது.

அவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் பத்து, பள்ளிப் பதிவேட்டில் ஒன்பது என்று ஆகிவிட்டால், அதைத் திருத்த அலைய வேண்டியவர் அவர்தான். இந்தப் பிழையை எழுதிய நிரலாளருக்கோ தான் பிழை செய்ததே தெரியாது. அவர் எழுதிய கோடில் எந்த வரியிலும் ‘ஒரு நாளைக் கழி’ என்ற கட்டளை இல்லை.

அந்த நாள் எங்கே போனது என்று பார்க்க, தேதியின் பின்னாலேயே இயந்திரத்துக்குள் போக வேண்டும். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேதிக்கென்று ‘டேட்’ என்ற ஒரு பொருள் உண்டு. பெயர்தான் தேதி. உள்ளே இருப்பது ஒரே ஒரு எண். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் கடந்திருக்கிறது என்ற கணக்கு அது. நாள், மாதம், ஆண்டு எதுவும் அதில் இல்லை. கேட்கும்போது அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டுச் சொல்கிறது. தாய் தேர்ந்தெடுத்த ‘ஜூன் 10’ என்பதை உள்ளே வைக்க, அன்று எத்தனை மணி என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். யாரும் சொல்லவில்லை. ஆகவே நள்ளிரவு பன்னிரண்டு என்று தானாக எடுத்துக்கொள்கிறது, அதுவும் அந்தக் கைபேசி இருக்கும் ஊரின் நள்ளிரவை.

அடுத்து இது சர்வருக்குப் போக வேண்டும். அனுப்புவதற்காக டேட் பொருளை எழுத்தாக மாற்றும்போது ஜாவாஸ்கிரிப்ட் உள்ளூர் நேரத்தை எழுதுவதில்லை, கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது. இந்தியா கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியிருக்கும் நாடு. இங்கே ஜூன் 10 பிறக்கும் நொடியில் அங்கே ஜூன் 9, மாலை 6.30. எனவே ‘2015-06-09, 18:30’ என்று எழுதி அனுப்புகிறது. அதுவரை எந்தத் தவறும் இல்லை. அது அதே நொடிதான். சர்வர் பக்கத்தில் இருப்பவருக்கு நேரம் தேவையில்லை, தேதி மட்டும் போதும். முதல் பத்து எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிகிறார். வெட்டுப்பட்ட அந்த 18:30-க்குள்தான் குழந்தையின் பிறந்தநாள் இருந்தது.

இந்தியாவில் இணையதளம் கட்டும் எவரிடமும் ‘18:30’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். டேட்டாபேஸில் தேதிகளுக்குப் பக்கத்தில் 18:30 வரிசையாக நின்றால், இந்தியாவின் நள்ளிரவு கிரீன்விச் உடை போட்டு நிற்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் இதே பிழை தலைகீழாக வரும். ‘2015-06-10’ என்ற எழுத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்து டேட் ஆக்கச் சொன்னால், அது கிரீன்விச் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அப்போது முந்தைய நாள் இரவு எட்டு மணி. திரையில் ஜூன் 9 என்று காட்டும். அதாவது கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவருக்குத் தேதியைப் படிக்கும்போது நாள் தொலைகிறது. கிழக்கே இருக்கும் நமக்கு அனுப்பும்போது தொலைகிறது. நியூயார்க் நிரலாளர் எழுதிய தீர்வை அப்படியே எடுத்து ஒட்டினால் சென்னையில் வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. சிறு கோடு போட்டு ‘2015-06-10’ என்று எழுதினால் கிரீன்விச் நள்ளிரவு. சாய்கோடு போட்டு ‘2015/06/10’ என்று எழுதினால் உலாவிகள் அதை உள்ளூர் நள்ளிரவாக எடுத்துக்கொள்கின்றன. சிறு கோட்டு வடிவத்துடனேயே ‘00:00’ என்று நேரத்தையும் சேர்த்தால் மறுபடி உள்ளூர் நள்ளிரவு. 2009-இல் வெளிவந்த ஜாவாஸ்கிரிப்ட் தரவிதி, நேர மண்டலம் குறிப்பிடாத இரண்டையும் கிரீன்விச் என்றது. 2015 பதிப்புக்குப் பிறகு நேரம் சேர்ந்தது உள்ளூருக்கு வந்தது, வெறும் தேதி மட்டும் கிரீன்விச்சிலேயே தங்கிவிட்டது. அதற்குள் அந்த வழக்கத்தை நம்பி ஏராளமான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன, அவற்றை உடைக்க முடியாது என்பதே காரணம். ஒரு கோட்டின் சாய்வு ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை உண்டாக்கும் மொழியில்தான் உலகத்தின் பெரும்பாலான இணையப் படிவங்கள் இயங்குகின்றன.

இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்தது? 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது ஜாவா என்ற மொழி புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. புதிய மொழி அதைப் போலவே தோன்ற வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தேதிக்கெனத் தனியாக யோசிக்க நேரமில்லை. உடன் பணியாற்றிய கென் ஸ்மித், ஜாவாவின் டேட் பகுதியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்தார். ஜாவாக்காரர்கள் தங்கள் டேட்டின் குறைகளைச் சீக்கிரமே உணர்ந்தார்கள். 1997-இல் வந்த 1.1 பதிப்பிலேயே அதன் பெரும்பாலான செயல்பாடுகளை ‘இனிப் பயன்படுத்த வேண்டாம்’ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டால் அது முடியவில்லை. இணையத்தில் ஒருமுறை வெளியான பக்கத்தைத் திருத்த அதை எழுதியவரே இல்லாமல் போயிருக்கலாம். உலாவி அந்தப் பழைய பக்கத்தையும் காட்டியாக வேண்டும்.

அதோடு வந்த சீதனங்களில் ஒன்று மாத எண். ஜனவரி 0, பிப்ரவரி 1, டிசம்பர் 11. இது ஜாவாவுக்கும் முந்தைய சி மொழியிலிருந்து வந்த வழக்கம். மாதப் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, அதில் எத்தனையாவது இடம் என்று பார்க்கும் வசதிக்காக அப்படி எண்ணினார்கள். நாளை மட்டும் 1-இலிருந்து எண்ணினார்கள். ஆகவே ஜூன் 10-ஐ ஜாவாஸ்கிரிப்டில் எண்களாகக் கொடுக்க 2015, 5, 10 என்று எழுத வேண்டும். 2015, 6, 10 என்று எழுதினால் அது முணுமுணுக்காமல் ஜூலை 10 என்று வைத்துக்கொள்ளும்.

ஆண்டை 1900-இலிருந்து எண்ணுவதும் அதே குடும்ப வழக்கம்தான். 1995-ஐக் கேட்டால் 95 என்று சொல்லும் ஒரு செயல்பாடு இருந்தது. பலர் அதற்கு முன்னால் ‘19’ என்று ஒட்டிக் காட்டினார்கள். 2000 பிறந்தபோது அது 100 என்று சொன்னது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கம், அந்த நாட்டுக்கே நேரம் சொல்லும் இடம், அன்றைக்கு ஆண்டு 19100 என்று காட்டியது.

சரி, ஐந்தரை மணி நேரம்தானே, கூட்டிக் கழித்துவிட்டால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். சர்வரில் ஒரு வரி: வந்த நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டு. பள்ளிக் குழந்தைகளுக்கு இது வேலை செய்யும். 1943 ஜூன் 15-இல் பிறந்த ஒரு முதியவரின் ஓய்வூதியப் படிவத்துக்கு வேலை செய்யாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தன. கிரீன்விச்சோடு வித்தியாசம் ஆறரை மணி நேரம். உலாவிக்கு இந்த வரலாறு தெரியும். எல்லா நாடுகளின் நேர மாற்றங்களையும் தொகுத்து வைத்திருக்கும் ஒரு பொதுத் தரவுத்தளம் அதற்குள் இருக்கிறது. அது அந்த முதியவரின் நள்ளிரவை ‘ஜூன் 14, 17:30’ என்று சரியாக எழுதி அனுப்பும். சர்வர் ஐந்தரையைக் கூட்டும். வருவது ஜூன் 14, இரவு பதினொன்று.

இலங்கையில் இது இன்னும் அண்மைக் கதை. 1996 மே 25-இல் அந்த நாடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்து, கிரீன்விச்சுக்கு ஆறு மணி நேரம் முந்தியதாக வைத்துக்கொண்டது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. அந்தப் பத்தாண்டுகள் ஒரே தீவில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. அப்போது பிறந்தவர்கள் இன்று வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் படிவம் நிரப்பும் வயதில் இருக்கிறார்கள். 1998 மார்ச் 10 என்று கொழும்பில் ஒருவர் தேர்ந்தெடுத்தால் உலாவி அனுப்புவது மார்ச் 9, 18:00. ஐந்தரையைக் கூட்டினால் மார்ச் 9, இரவு 11.30. அரை மணி நேரம் போதாமல் ஒரு நாள் போகிறது.

இதைவிடப் பழைய ஒரு தடயம் எல்லா இந்தியக் கணினிகளிலும் இருக்கிறது. சில டேட்டாபேஸ்கள் வெறுமையாக விடப்பட்ட தேதியை 1900 ஜனவரி 1 என்று பதிந்துவைக்கும். அந்த நாளின் இந்திய நள்ளிரவை இன்றைய குரோம் உலாவியில் கிரீன்விச் நேரமாக மாற்றினால் 18:30 வராது. 1899 டிசம்பர் 31, 18:38:50 என்று வரும். எட்டு நிமிடம் ஐம்பது விநாடி எங்கிருந்து வந்தது என்று இளம் நிரலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். விடை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1-இல். அதற்கு முன் ரயில்வேயும் தந்தியும் அங்கிருந்த சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முந்திய நேரம் அது. மெட்ராஸ் டைம் வழக்கொழிந்து நூறாண்டுக்கு மேலாகிறது. உலாவிக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். நொடி வேறு, நாள் வேறு. ரயில்களின் தட்கல் முன்பதிவு குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் காலை பத்து மணிக்குத் திறக்கிறது என்றால் அது ஒரு நொடி. துபாயில் இருந்துகொண்டு அம்மாவுக்கு டிக்கெட் எடுப்பவருக்கு அதே நொடி காலை எட்டரை. அதைக் கிரீன்விச் கணக்கில் வைப்பதே சரி. பிறந்தநாள் அப்படியல்ல. ஜூன் 10 என்பது சென்னையிலும் ஜூன் 10, டொரண்டோவிலும் ஜூன் 10. அதற்கு நேர மண்டலமே கிடையாது. இல்லாத ஒன்றை ஒட்டவைத்து, பிறகு அதை மாற்றவும் செய்தால் நாள் தொலையத்தான் செய்யும்.

அதனால் தீர்வு வியக்கத்தக்க அளவுக்கு எளிது. டேட் பொருளாக மாற்றாமலே விட்டுவிடுவது. உலாவியிலேயே இருக்கும் தேதிக் கட்டம், திரையில் 10/06/2015 என்று காட்டினாலும், உள்ளே எப்போதும் ‘2015-06-10’ என்ற எழுத்தைத்தான் வைத்திருக்கும். அதை அப்படியே அனுப்பலாம், தேதி மட்டும் ஏற்கும் வகையில் அப்படியே சேமிக்கலாம். காட்டும்போது சிறு கோடுகளில் பிரித்து நாள், மாதம், ஆண்டு என்று வரிசை மாற்றினால் போதும். இந்த வடிவத்துக்கு இன்னொரு நன்மை: ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு வருவதால், அகர வரிசையில் அடுக்கினாலே கால வரிசை கிடைத்துவிடும். எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்க எந்தக் கணக்கும் வேண்டாம்.

கையால் தட்டச்சிடும் கட்டமாக இருந்தால் மட்டும் கவனம் தேவை. நம்மவர் ‘03/04/2024’ என்று எழுதினால் ஏப்ரல் 3. உலாவிகள் அதை அமெரிக்க முறையில் மார்ச் 4 என்று படிக்கும். 25/03/2024 என்று எழுதினால் 25-ஆவது மாதம் இல்லாததால் ‘செல்லாத தேதி’ என்று சொல்லிவிடும். மாதத்தின் முதல் 12 நாள்களில் மட்டும் பிழை சத்தமில்லாமல் நுழையும், மற்ற நாள்களில் கூச்சல் போடும். கூச்சல் போடும் பிழையே நல்ல பிழை.

பிப்ரவரி 31 என்று யாராவது கொடுத்தால்? 2023, 1, 31 என்று எண்களாகக் கொடுத்துப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது. மிச்ச நாள்களை அடுத்த மாதத்தில் தள்ளி மார்ச் 3 ஆக்கிக்கொள்ளும். எனவே உண்மையான தேதிதானா என்று சோதிக்க, கொடுத்த நாளும் மாதமும் திரும்பக் கேட்கும்போது மாறாமல் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதே குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். மார்ச் மாதத்தின் 0-ஆம் நாளைக் கேட்டால் பிப்ரவரியின் கடைசி நாள் வரும். 2024-க்குக் கேட்டால் 29. லீப் ஆண்டு விதியை எழுதவே வேண்டியதில்லை.

வயதுக் கணக்கில் தவறு மிக எளிதாக நுழைகிறது. இன்றைய தேதிக்கும் பிறந்த தேதிக்கும் உள்ள நாள்களை 365.25-ஆல் வகுப்பது பரவலான வழி. 2005 மார்ச் 10-இல் பிறந்த ஒருவர் 2023 மார்ச் 10 அன்று, பதினெட்டாவது பிறந்தநாளில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆசையாகப் படிவம் திறக்கிறார் என்று கொள்வோம். இடையில் லீப் நாள்கள் நான்கு. மொத்தம் 6,574 நாள்கள். வகுத்தால் 17.9986. முழு எண்ணாக்கினால் 17. படிவம் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். பாட்டிமார் கணக்குப் போடும் முறையே சரியானது: ஆண்டிலிருந்து ஆண்டைக் கழி, இந்த ஆண்டின் பிறந்தநாள் இன்னும் வரவில்லையென்றால் ஒன்றைக் குறை.

‘இன்று’ என்பதிலும் பொறி உண்டு. பழைய தேதியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காகப் பலர் இன்றைய தேதியை டேட்டிலிருந்து எடுத்து, கிரீன்விச் எழுத்தாக்கி, முதல் பத்து எழுத்தை வெட்டிக் கட்டத்தின் கீழ் எல்லையாக வைக்கிறார்கள். இந்தியாவில் நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரை அது நேற்றைய தேதி. அலுவலகத்தில் பகலில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. விடியற்காலையில் எழுந்து மருத்துவமனைக்கு முன்பதிவு செய்பவர் கண்ணில் படும்.

தேதிக்கு வெளியேயும் படிவங்கள் மனிதர் எழுதியதை மாற்றிவிடுகின்றன. கட்டத்துக்குள் எழுதும் எதுவும் ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுத்துதான், எண் அல்ல. ஆகவே 5-ஐயும் 3-ஐயும் கூட்டச் சொன்னால் 53 என்று ஒட்டித் தரும். அதைத் தவிர்க்க எல்லாவற்றையும் எண்ணாக்கினால் 00123 என்று தொடங்கும் வங்கிக் கணக்கு 123 ஆகிவிடும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே அல்ல, இலக்க வடிவில் இருக்கும் பெயர்.

பெயர் என்றதும் தமிழ்ப் பெயர்களின் பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. கார்த்திகேயன் என்பதை நாம் எண்ணினால் கா, ர், த், தி, கே, ய, ன் என ஏழு எழுத்து. கணினி கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும், அதற்குப் பதின்மூன்று. பன்னிரண்டு எழுத்துக்குள் என்று எல்லை வைத்த படிவத்தில் அவர் கார்த்திகேயன ஆகிவிடுவார், கடைசிப் புள்ளி இல்லாமல். ‘எந்த மொழி எழுத்தும் ஏற்கலாம்’ என்ற சோதனையை நல்லெண்ணத்தோடு எழுதியவர்கூட, புள்ளியும் கொம்பும் யுனிகோடில் எழுத்து வகையில் சேராமல் குறி வகையில் வருகின்றன என்பதை மறந்தால், அந்தப் படிவத்தில் கமல நுழையலாம், கமலா நுழைய முடியாது.

பல ஆண்டுகள் டேட்டின் குறைகளை மோமென்ட் என்ற நூலகம் மூடி மறைத்தது. 2011-இல் தொடங்கிய அதை 2020 செப்டம்பரில் அதன் பராமரிப்பாளர்களே இனி வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே, மொழிக்குள்ளேயே சரியான ஏற்பாடு வேண்டும் என்ற முயற்சி தொடங்கிவிட்டது. டெம்பொரல் என்று பெயரிட்ட அந்தத் திட்டம், ஜாவாஸ்கிரிப்டின் தரவிதியை வகுக்கும் குழுவில் 2021-இல் மூன்றாம் நிலையை எட்டியது. 2025 மே மாதம் வெளியான பயர்பாக்ஸ் 139-இல் இயல்பாகவே இடம்பெற்றது.

இதில் நொடிக்கு ஒரு வகை, நேர மண்டலத்தோடு கூடிய நேரத்துக்கு ஒரு வகை, வெறும் தேதிக்கு ‘பிளெய்ன் டேட்’ என்று ஒரு வகை. அந்தத் தாய் தேர்ந்தெடுத்த நாளை அதில் வைத்தால் நள்ளிரவும் இல்லை, கிரீன்விச்சும் இல்லை. எழுத்தாக்கினால் ‘2015-06-10’ என்றே வரும். ‘2023-02-31’ என்று கொடுத்தால் மார்ச்சுக்குத் தள்ளாமல் அங்கேயே பிழை என்று நிறுத்தும். இரண்டு தேதிகளுக்கிடையே எத்தனை ஆண்டு என்று நேரடியாகக் கேட்கலாம், பதினெட்டாவது பிறந்தநாளில் 18 என்று சொல்லும். ஜூன் மாதத்தின் எண் அதில் 6.